ஒரு அடி தள்ளி

போட்டோ எடுப்பதற்கு முன்னால் அவர் உலகத்தைக் கொஞ்சம் நகர்த்துவார். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு கண்ணை மூடி, "ஒரு அடி தள்ளி நில்லுங்க" என்பார். தள்ளி நிற்போம். அந்த ஒரு அடியில் எங்கள் அபார்ட்மென்ட்டின் பெரிய பச்சைக் குப்பைத்தொட்டி என் வீட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். யாரோ ஒருவருடைய புதுக் கார் எங்கள் தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மேலே, சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்துச் சன்னிவேலின் நீல வானம். ஈரோட்டில் என் மாமியார் அந்தப் போட்டோவைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு, "காரு என்ன வெலைடா?" என்று போனில் மகனைக் கேட்டார். எங்களுடையது ஒரு கதவு நசுங்கிப்போன பழைய கார். அது அந்த நேரத்தில் படத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

அவர் எங்கள் வீட்டுக்கு நேர் மேல் மாடியில் குடியிருந்தார். சிவகாசிக்காரர். எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. குழந்தைகளுக்கு அவர் போட்டோ அங்கிள், பெரியவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிற டெஸ்டர் வேலை. பகலெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு தப்பைக் கண்டுபிடித்த மனிதர், சனி ஞாயிறுகளில் சம்பளம் இல்லாமல் தப்பை மறைத்துக்கொண்டிருந்தார் என்று நான் கேலி செய்வேன். சிரிப்பார். சிரித்துக்கொண்டே எங்கள் மேசையில் கிடக்கும் டிஷ்யூ பெட்டியைப் பூஜாடிக்குப் பின்னால் தள்ளி வைப்பார். அவருக்கு அது கை அரிப்பு. சாப்பிடக் கூப்பிட்டால்கூட, வாசலில் கிடக்கும் எங்கள் செருப்புகளை ஒழுங்கு செய்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாற்காலிகள்தான் உண்டு. ஆனால் சுவரில் ஒரு நகரமே இருந்தது. வெனிஸ். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஓர் இத்தாலிய ஓவியர் வரைந்த படத்தின் பெரிய அச்சுப் பிரதி. ஓவியர் பெயரை அவர் பலமுறை சொல்லியும் என் நாக்கில் நிற்கவில்லை. நடுவில் தெருவுக்குப் பதிலாக அகலமான கால்வாய். இரண்டு கரையிலும் மாளிகைகள், இடது கரை நிழலில், வலது கரை வெயிலில். தூரத்தில் ஒரு மாதாகோயிலின் உருண்டைக் கூரை. படத்தில் பாதிக்கு மேல் வானம். தண்ணீர் முழுக்கப் படகுகள், படகு முழுக்க ஜனங்கள். நிழல் கரையில் ஒரு சன்னலில் ஒரு பெண் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் முதலில் பார்த்தது அவளைத்தான்.

"எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து நான் இந்த ஊருலதான் இருக்கேங்க்கா" என்றார். அவர் அப்பா வேலை பார்த்த அச்சகத்தில் இதே படத்தை ஏதோ ஒரு நெய்க்கடைக்காகக் காலண்டரில் அடித்தார்களாம். வருஷம் முடிந்தும் அம்மா அதைக் கழற்றவில்லை. "அரிசிப் பானைக்கு மேல வெனிஸ் தொங்கும். எங்க காலண்டர்ல கலர் ஒரு நூல் வெலகிருச்சு. எல்லாருக்கும் ரெண்டு மூக்கு."

அவரோடு ஒரு தடவை சான் பிரான்சிஸ்கோவுக்கு, அந்த ஓவியரின் அசல் படம் ஒன்று மியூசியத்தில் வந்திருக்கிறது என்று போனோம். என் வீட்டுக்காரர் தட்டுத்தட்டாகப் பழங்கள் வரைந்திருந்த அறையிலேயே களைத்து உட்கார்ந்துவிட்டார். இவர் மட்டும் வெனிஸ் முன்னால் போய், கண்ணுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்கு நின்றார். காவலாளி வந்து பின்னால் போகச் சொன்னான்.

"இவ்வளவும் ஒரே எடத்துல நின்னா தெரியாதுக்கா" என்றார் என்னிடம். "தண்ணிக்கு நடுவுல, ரெண்டு ஆள் உசரத்துல அந்தரத்துல நிக்கணும். அங்க யாரு நிப்பா?"

"ஹெலிகாப்டர்ல போயிருப்பான்" என்றார் பின்னாலேயே வந்துவிட்ட என் வீட்டுக்காரர்.

"இல்லண்ணே. ஒரு இருட்டுப் பெட்டி வச்சிருப்பாங்க, முன்னால கண்ணாடி. வெளிய இருக்கிறது உள்ள தாள்ல விழும், அதுமேல கோடு போட்டுக்கணும். இங்க நின்னு கொஞ்சம், அங்க நின்னு கொஞ்சம். வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சேர்த்துருவாரு. கால்வாய அகலமாக்கிருவாரு. அந்தக் கோயில லேசா நம்ம பக்கம் திருப்பிருவாரு."

"அப்ப இது பொய்யா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "பொய் இல்லக்கா. ஒவ்வொரு வீடும் நெசம். சன்னல்கூட நெசம். எல்லாம் ஒண்ணா நிக்கிறது மட்டுந்தான் இவர் செஞ்சது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அந்தப் படத்தை வரைந்த காலத்தில் வெனிஸ் நொடித்துப் போயிருந்ததாம். வியாபாரமெல்லாம் வேறு துறைமுகங்களுக்குப் போய்விட்டதாம். ஊர் சுற்ற வந்த இங்கிலீஷ்காரப் பணக்காரப் பிள்ளைகள்தான் இதையெல்லாம் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் மாட்டிக்கொண்டார்களாம். "அப்ப வெனிஸ் தனி நாடு. கொஞ்ச காலத்துல அந்த நாடே கையவிட்டுப் போச்சு. படத்துல அது எங்கயாச்சும் தெரியுதா பாருங்க?"

பார்த்தேன். வெயில், படகு, கொடி, வானம். "தெரியலையே" என்றேன்.

"அதான்" என்றார் பெருமையாக.

"கிட்ட போய்ப் பாத்தா அந்த ஜனமெல்லாம் ஜனமே இல்லக்கா. ஒரு புள்ளி, கீழ ஒரு இழுப்பு. அவ்வளவுதான். ஆனா அதை எடுத்துட்டா இது செத்த ஊரு." வெளியே வரும்போது கடையில் அந்தப் படத்தின் தபால் அட்டைகள் சில வாங்கிக்கொண்டார்.

எனக்குக் கவலைப்படுவதில் சின்ன வயதிலிருந்தே நல்ல பயிற்சி. அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் மற்றவர்களுக்குச் சந்தோஷம் வரும், எனக்கு அவற்றின் ஓரத்தைத் தடவிப் பார்க்கத் தோன்றும். எதிர்க் கட்டடத்தில் கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு தம்பதி இருந்தார்கள். அவர்கள் சண்டை போடுவது எங்கள் சமையலறைவரை கேட்கும். குடும்பப் படம் வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் அந்தப் பெண்ணை ஒரு அடி தள்ளி நிற்கச் சொல்லி, நடுவில் இருந்த இடைவெளியில் குழந்தையைத் தூக்கி ஒரு ஸ்டூல் மேல் நிறுத்தினார். அவ்வளவு அழகான படத்தை நான் பார்த்ததில்லை. ஊரில் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார்கள். அடுத்த தீபாவளிக்கு முன்னால் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டெக்சாஸில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். செய்தி கேட்டு இவர் தன்னிடம் இருந்த பிரதியை எடுத்துப் பார்த்தார். "படம் நல்லாத்தானக்கா இருந்துச்சு" என்றார் கடைசியில்.

இரண்டாயிரத்தொன்று பிறந்து கொஞ்ச நாளில் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வந்தார். பெண் பெயர் மீனா. விருதுநகர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் டீச்சர். எத்தனையோ வருஷம் பதிவு செய்து காத்திருந்து கிடைத்த நிரந்தர வேலை. விசா கிடைத்ததும் அந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு வருவதாகப் பேச்சு. "அக்கா, அங்க குளிருமா? அரிசி நல்லா இருக்குமா?" என்று என்னிடம் போனில் கேட்பாள். கேள்விகள் முடிந்தபிறகு ஒவ்வொரு முறையும், "அவர் நல்லா இருக்காரா?" என்று தனியாக ஒரு கேள்வி வரும்.

அந்த வசந்தத்தில் எங்கள் கட்டடத்துக் கார் நிறுத்துமிடம் பகலில் நிறையத் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் காலை எட்டரைக்குமேல் அங்கே பூனை மட்டும்தான் படுத்திருக்கும். இப்போது கார்கள் நகராமல் நின்றன. யார் கார் நிற்கிறது என்று பார்ப்போம், ஆனால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள மாட்டோம். என் வீட்டுக்காரரின் கார் சத்தம் வழக்கத்தைவிட ஐந்து நிமிஷம் முன்னதாகக் கேட்டாலும் என் கையிலிருக்கும் கரண்டி நின்றுவிடும். கம்பெனிகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தன. வேலை போனால், வேலைக்காகக் கொடுத்த இந்த விசாவில் எத்தனை நாள் இருக்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் பத்து நாள் என்றார், ஒருவர் அன்றைக்கே கிளம்ப வேண்டும் என்றார். யாருக்கும் சரியாகத் தெரியாது என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

இவர் கார் மட்டும் தினமும் காலையில் கிளம்பிப் போயிற்று. இஸ்திரி போட்ட சட்டை, இடுப்பில் ஆபீஸ் அட்டை. ஒரு செவ்வாய்க்கிழமை நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசிப்பார்கள் என்று மகளைக் கூட்டிப்போனேன். பின்வரிசை மேசையில் அந்தச் சட்டை தெரிந்தது. அவருக்கு முன்னால் ஒரு பெரிய ஓவியப் புத்தகம் விரிந்திருந்தது, அதே கால்வாய். அதற்கடியில் வேலை விளம்பரப் பக்கத்தின் ஓரம் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் புத்தகத்தை ஒரு அங்குலம் நகர்த்தினார். ஓரம் மறைந்துவிட்டது.

"எத்தனை நாளா தம்பி?" என்றேன்.

"மீனாகிட்ட சொல்லிராதீங்கக்கா" என்றார். "கம்பெனியவே மூடிட்டாங்க. மூணு எடத்துல அப்ளை பண்ணியிருக்கேன். அவ வர்றதுக்குள்ள கெடச்சிரும்."

"அவ ராஜினாமா குடுக்கறதுக்குள்ள கிடைச்சிருமா? அதச் சொல்லுங்க."

அவர் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். "மாமனாரு அவளுக்கு டிக்கெட் எடுத்துட்டாரு. ஊரெல்லாம் சொல்லிட்டாங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தச் சட்டையின் மடிப்பைப் பார்த்ததும் மேலே பேச முடியவில்லை. வேலை இல்லாத ஒரு மனிதர் காலையில் எழுந்து அவ்வளவு கச்சிதமாக இஸ்திரி போட்டிருந்தார்.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை, "ஒரே ஒரு போட்டோ, நீங்க அமுக்கினா போதும்" என்று என்னைத் தன் பழைய ஆபீஸுக்கு அழைத்துப்போனார். இவர் ஆபீஸ் முன்னால் நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று மீனாவின் அப்பா கேட்டிருந்தாராம். முன்பெல்லாம் அந்த இடத்தில் கார் நிறுத்த நாய் படாத பாடு படுவார்கள். அன்றைக்கு அந்த மைதானம் முழுக்க வெறும் வெள்ளைக் கோடுகள். ஞாயிறு என்பதால் இல்லை, திங்கட்கிழமையும் அப்படித்தான் இருக்கும். கட்டடம் வாடகைக்கு என்று ஒரு பெரிய பலகை நட்டிருந்தார்கள். அவர் என்னைக் கேமராவோடு அங்கேயும் இங்கேயும் நிறுத்திப் பார்த்தார். கடைசியில் ஓர் அரளிச்செடி அந்தப் பலகையை முழுசாக மறைக்கிற இடம் கிடைத்தது. பூவோடு இருந்த செடி, படத்துக்கு அழகாகக்கூட இருந்தது.

"ஒரு அடி தள்ளி நில்லுங்கக்கா. ஆ, போதும்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவின் முன்னால் நின்று சிரித்தார். அமுக்கினேன். திரும்பி வரும்போது காரில், "அந்த ஓவியரு கட்டடத்த நகர்த்துவாரு, கோயிலத் திருப்புவாரு, எல்லாம் சரி" என்றார் தனக்குத்தானே. "ஜனத்த எங்கேர்ந்துக்கா கொண்டுவர்றது?"

அந்தப் படமும் போய்ச் சேர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மீனா என்னிடம் போனில், "திங்கக்கிழமை ஹெட்மாஸ்டர்கிட்ட ராஜினாமா குடுக்கணும்னு அப்பா சொல்றாருக்கா" என்றாள். நல்லது என்று சொல்ல வாய் வரவில்லை. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. மாடிப்படி ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"நாளைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்க. அங்க ஞாயித்துக்கிழமை காலைல. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"ஒரு வாரம் பொறுங்கக்கா. ஒரு இண்டர்வியூ இருக்கு."

"திங்கக்கிழமை குடுத்த லெட்டர அடுத்த வாரம் திருப்பி வாங்க முடியுமா? அவ வேலை தம்பி அது. நீங்களாவது சர்ட்டிபிகேட்ட தூக்கிட்டு வேற ஊருக்குப் போகலாம். அவளுக்கு அது போனா போனதுதான்."

சனிக்கிழமை மாலை வந்தார். என் வீட்டுக்காரர் மகளை பார்க்குக்குக் கூட்டிப்போய்விட்டார். ஊருக்குப் பேச வாங்கின போன் கார்டைச் சுரண்டி நானே நம்பர்களை அமுக்கினேன். எத்தனை நிமிஷம் மிச்சம் இருக்கிறது என்று கார்டுக்காரி, பதிவுசெய்த குரலில், சொன்னாள். மணி அடித்தது. மீனாதான் எடுத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

இந்த வெயில், அந்த மழை என்று சுற்றிச் சுற்றி வந்தார். நிமிஷங்கள் போய்க்கொண்டிருந்தன. நான் அவர் தோளைத் தட்டி நெற்றியைச் சுருக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மீனா, நான் அனுப்பின போட்டோவெல்லாம் பக்கத்துல இருக்கா?"

"பீரோலதான் இருக்கு. ஏன்?"

"எடுத்துட்டு வா." பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. "முதல்ல, வெள்ளைக் கார் பக்கத்துல நிக்கிறேன்ல? அது என் காரு இல்ல. எதிர்த்த வீட்டுக்காரரோடது. என் காரு அந்தப் படத்துக்கு வெளிய, வலது பக்கம் நிக்குது. அதுல ஹீட்டர் வேலை செய்யாது."

"சரி."

"அடுத்தது, நெறைய ரோஜாப்பூ இருக்கும் பாரு. அது எங்க தோட்டம் இல்ல. ஒரு பேங்க் வாசல். எங்களுக்குத் தோட்டம் கெடையாது."

"சரி."

"சமையல் பண்ற மாதிரி ஒண்ணு. அது அக்கா வீட்டுக் கிச்சன். என்னுது அதுல கால்வாசிதான் இருக்கும்."

ஒவ்வொன்றாக, படத்தில் இல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். குப்பைத்தொட்டி, கம்பி வேலி, கிழிந்த நாற்காலி. எங்கள் மேசையைச் சுற்றி அவர் மறைத்து வைத்திருந்த சன்னிவேல் முழுவதும் வந்து நின்றுவிட்டது. மீனா ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்றாள். அந்தச் 'சரி'யில் என்ன இருக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கடைசிப் போட்டோ" என்றவர் நின்றுவிட்டார். கார்டுக்காரி குறுக்கே வந்து இன்னும் ஒரே நிமிஷம்தான் என்றாள். "அந்த அரளிச்செடிக்குப் பின்னால ஒரு போர்டு இருக்கு. கட்டடம் வாடகைக்குன்னு. அந்தக் கதவு பூட்டியிருக்கு மீனா. ரெண்டு மாசமாப் பூட்டியிருக்கு. எனக்கு வேலை இல்ல."

போனில் தெருவில் போகிற ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"தெரியும்" என்றாள் மீனா. "அந்தப் படகுக் கார்டு அனுப்பினீங்கள்ல, ஜனம் இல்லேன்னா செத்த ஊருன்னு பின்னால எழுதி? அதுக்குப் பக்கத்துலதான் உங்க ஆபீஸ் படத்த ஒட்டி வச்சேன். அதுல அவ்வளவு கூட்டம், இதுல ஒரு காக்கா குருவி இல்ல. அவ்வளவு பெரிய ஆபீஸ்ல வேலை பாக்குறவங்கல்லாம் எங்க போனாங்க? நீங்களா சொல்லுவீங்கன்னு தினமும் பாத்தேன். நேத்து வரைக்கும் சொல்லல. எனக்குப் பயமா இருந்துச்சு. வேலை போனதுக்கு இல்ல."

"ராஜினாமா?" நான்தான் குறுக்கே கத்தினேன்.

"எழுதவே இல்லக்கா" என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்தாள். கார்டு தீர்ந்துவிட்டது.

அவர் அந்த போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுதார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. டிஷ்யூ பெட்டி மேசை நடுவில் இருந்தது, எடுத்துக்கொண்டார். அதைத் திரும்ப நகர்த்தி வைக்கவில்லை.

அந்த இண்டர்வியூவும் வாய்க்கவில்லை. கோடை முடிவதற்குள் ஊருக்குப் போய்விட்டார். வெனிஸை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதமே ஒரு நாள் எங்கள் கார் சத்தம் நான்கு மணிக்குக் கேட்டது. என் வீட்டுக்காரருக்கும் வேலை போய்விட்டது, நான் எதிர்பார்த்ததுதான். அன்று சாயங்காலமே ஈரோட்டுக்குப் போன் போட்டு மாமியாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னேன். நசுங்கின கதவு உட்பட.

அந்த வருஷக் கடைசியில் சிவகாசியிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே ஒரே ஒரு போட்டோ, மீனா எடுத்தது. படம் சாய்ந்திருந்தது. மேலே இரண்டு மின்கம்பி, கீழே திறந்த சாக்கடை, ஓரத்தில் யாருடைய விரலோ, அநேகமாக அவளுடையதுதான். பின்னால் பால்காரர், சைக்கிளில் மூன்று பிள்ளைகள், எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர்கள், அப்படி ஒரு கூட்டம். அவர் நடுவில் இல்லை. படத்தைவிட்டு விழுந்துவிடுகிற மாதிரி ஓரத்தில் நிற்கிறார். வாய் பாதி திறந்திருக்கிறது. கையை உயர்த்தி அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அந்தக் கை அசைந்ததால் மங்கலாக விழுந்திருக்கிறது.

மீனா தள்ளி நிற்கவில்லை.